ஞாயிற்றுக்கிழமைக் கிணறு

பெப்ரவரி 10, திங்கள்

மதர் கொன்சன்சியா இன்று புதுக் கொப்பி ஒன்று தந்தார். தோட்டத்தில் நடப்பதைத் திகதி போட்டு எழுதவேண்டுமாம். மாத முடிவில் வாசித்துக் கையெழுத்து வைப்பாராம். எட்டு வருடமாக ஒரு எழுத்தும் எழுதாமலே இந்தக் கொடிகள் காய்த்துக்கொண்டுதான் இருந்தன. சரி, கீழ்ப்படிவேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவள் நான். எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். மதர் தூத்துக்குடிக்காரர். மடத்துக்கு வந்து ஐந்து மாதம்தான். முந்திரி என்றால் அவருக்குப் பாயசத்தில் போடும் பருப்பு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை. வந்த புதிதில், "சிஸ்டர் மெற்றில்டா, முந்திரித் தோட்டம்னு சொன்னாங்களே, பருப்பு எங்க?" என்று கேட்டுச் சமையலறையையே சிரிக்கவைத்தவர்.

இன்று அறுபத்திரண்டு கொடிகளையும் வெட்டி முடித்தேன். மாரி மழை போய்விட்டது, பனியும் குறைந்துவிட்டது. இதைவிட நல்ல நாள் கிடையாது. குளிர் நாடுகளில் கொடி தானாகவே இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குமாம். எங்கள் கொடிக்குக் குளிரும் தெரியாது, தூக்கமும் தெரியாது. நாங்கள் கத்தியை வைத்தால்தான் அதற்குப் புதுவருடம். வெட்டிய நாளிலிருந்து நூற்றுப் பதினைந்து நாள். யூன் முதல் கிழமை பழம் பறிக்கலாம். பிழிந்து புளிக்கவைத்துத் தெளியவிட்டால் டிசம்பரில் நத்தாருக்குப் பூசை ரசம் தயார்.

போன வருடம் ஐந்து கோயில்களுக்குக் கொடுத்தோம். இந்த வருடம் பன்னிரண்டு கோயில்களுக்கும் எங்கள் மடத்து ரசம்தான் என்று குருமார் கூட்டத்தில் மதர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவரைச் சொல்லவைத்தது நான்தான். பழத்துக்கு நான் பொறுப்பு என்றேன். கடையில் வாங்கின போத்தலை வைத்துப் பூசை செய்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

பெப்ரவரி 12, புதன்

இன்று இறைப்பு எங்கள் முறை. ஆறு பாத்திக்கு விட்டேன்.

மதர் மண்ணைப் பற்றியும் எழுதச் சொன்னார். கடல் இங்கிருந்து வடக்கே நடந்துபோகிற தூரம். மேலே முழங்கை ஆழத்துக்குச் செம்மண், அதற்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. கொடி நட்டபோது அலவாங்கு போட்டுப் பாறையை உடைத்துத்தான் குழி எடுத்தோம். செம்மண்ணில் தண்ணீர் தேங்காது, ஊற்ற ஊற்ற இறங்கிவிடும். அதனால் வேர் அழுகாது. வெயில் பழத்துக்கு இனிப்பேற்றும். காற்று இலையைக் காயவைத்துப் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆண்டவர் முந்திரிகைக்கென்றே செய்த இடம் என்று நான் சொல்வதுண்டு. ஆறு இல்லை, குளம் இல்லை. இருப்பது ஒரு கிணறு.

அதுவும் பாதிதான் எங்களுக்கு. மற்றப் பாதி பக்கத்துக் காணிப் பரஞ்சோதிக்கு. அவருடைய பாட்டனார் மடத்துக்கு நிலம் கொடுத்தபோது காணி உறுதியிலேயே கிணற்றையும் பங்கிட்டு எழுதியிருக்கிறார். திங்கள், புதன், வெள்ளி மடத்துக்கு. செவ்வாய், வியாழன், சனி அவர் பகுதிக்கு. "ஞாயிறு இரு பகுதியாரும் இறைக்கலாகாது." சைவக்காரர், ஞாயிறு எங்களுக்குப் பரிசுத்த நாள் என்று மரியாதை செய்திருக்கிறார். நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும்.

சண்டையால் இருபத்தேழு வருடம் இந்த ஊரில் ஆளே இல்லை. திரும்பி வந்து கிணற்றைத் துப்பரவாக்கி முதல் வாளியைக் குடித்தபோது இளநீர் மாதிரி இருந்தது. பரஞ்சோதி அழுதுவிட்டார். நான் அழவில்லை, இன்னொரு கோப்பை குடித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் வெட்டிப் போட்ட தடிகளில் நாற்பதைக் கேட்டு வாங்கிப்போய் நட்டார். இந்த யூனில்தான் அவருக்கு முதல் காய்ப்பு. இன்று வேலியோரம் நின்று, "முதல் குலை பிள்ளையாருக்கு, ரெண்டாவது உங்களுக்கு, சிஸ்டர்" என்றார்.

"ஏன், மாதா ரெண்டாமிடமோ?" என்றேன்.

"பிள்ளையார் பக்கத்தில இருக்கிறார். கோவிச்சா உடன வந்திடுவார்."

பெப்ரவரி 26, புதன்

எல்லாக் கொடியிலும் முளை. பச்சைப் பயறு அளவு.

கனடாவில் இருக்கும் உபகாரி ஒருவர் அனுப்பிய புது மோட்டர் வந்தது. பழையது ஒரு மணித்தியாலம் இறைத்ததை இது இருபது நிமிடத்தில் இறைக்கிறது. சத்தமும் இல்லை. பூட்ட வந்தவர், குழாயை இன்னும் எட்டடி கீழே இறக்கட்டுமா என்று கேட்டார். இறக்கச் சொன்னேன்.

பரஞ்சோதி எட்டிப் பார்த்தார். "குழாயை அடிவரைக்கும் போட்டிட்டியளோ, சிஸ்டர்?"

"அடித்தண்ணியும் ஆண்டவர் தந்ததுதானே" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல், வயிற்றில் ஒன்றுமில்லை, கையில் மண்வெட்டி. தளிர் பந்தலைத் தொட்டுவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது. இந்த வெயிலுக்குக் கிழமையில் மூன்று இறைப்பு காணாது.

மார்ச் 9, ஞாயிறு

புது மோட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் ஓடவிட்டேன். ஓடுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

முழங்கால் நோ. பூசைக்குப் போகவில்லை. மற்றவர்கள் எட்டு மணிக்குப் போய்ப் பத்து மணிக்கு வந்தார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

முழங்கால் நோ. பரஞ்சோதி வாழைக்குலையோடு சந்தைக்குப் போய்விட்டார். அவர் மனைவி புவனம் வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையசைத்தார். நானும் அசைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

பூ! பந்தலுக்குக் கீழே நின்றால் மெல்லிய மணம். இவ்வளவு பூவை எட்டு வருடத்தில் நான் கண்டதில்லை. பன்னிரண்டு கோயில் என்ன, இருபதுக்கும் கொடுக்கலாம்.

சமையற்கட்டுச் சிஸ்டர் அனற்றா நோவெண்ணெய் கொண்டுவந்து, எந்த முழங்கால் என்று கேட்டார். இடது என்றேன். போன கிழமை வலது என்று சொன்னேனாம். இரண்டுக்கும் பூசிவிட்டுப் போனார்.

மார்ச் 31, திங்கள்

மதர் கொப்பியை வாசித்துக் கையெழுத்து வைத்தார். "ரொம்ப சுத்தமா எழுதுறீங்க" என்றார்.

ஏப்ரல் 12, சனி

பிஞ்சு மிளகு அளவைத் தாண்டிவிட்டது. சித்திரையில் பெய்யவேண்டிய சிறுமழையைக் காணோம். மேகம் வருகிறது, எங்களை எட்டிப் பார்த்துவிட்டு வவுனியாப் பக்கம் போய்விடுகிறது.

இன்று பரஞ்சோதியின் முறை. மோட்டரை நிறுத்திவிட்டு வேலிக்கு வந்தார்.

"சிஸ்டர், தண்ணி கிணத்துக் கட்டில மூண்டாம் கல்லுக்குக் கீழ போட்டுது. வந்த நாளில இருந்து இப்பிடி இறங்கினதில்லை."

"மழை இல்லையே" என்றேன்.

"ஓம், மழை இல்லைத்தான்." போகத் திரும்பியவர் நின்றார். "வேற ஒண்டும் இருக்காது, என்ன?"

"வேற என்ன இருக்கப்போகுது?"

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஞாயிறு பூசைக்குப் பல தரம் போகவில்லை என்று சொன்னேன். ஏன் என்று பங்குச் சுவாமி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கியூ நீளம், அவருக்கும் களைப்பு.

ஏப்ரல் 20, ஞாயிறு

உயிர்ப்புத் திருநாள். முழங்கால் குணம். முழு நாளும் கோயிலில்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் தண்ணீர் ஏறி மூன்றாம் கல் நனைந்திருந்தது. தண்ணீர் குடிக்க நன்றாக இருந்தது. அப்படியென்றால் முன்பு நன்றாக இருக்கவில்லையா என்று மதர் கேட்கக்கூடும். கேட்டால் பார்த்துக்கொள்வோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முழங்கால் நோ.

மே 2, வெள்ளி

சில இலைகளின் ஓரம் கருகியிருக்கிறது. யாரோ நெருப்புக்குச்சியைக் கொளுத்தி விளிம்பைச் சுற்றிப் பிடித்ததுபோல. பூஞ்சணம் என்றால் நடுவில் புள்ளி வரும். இது ஓரத்தில் தொடங்கி உள்ளே போகிறது.

பரஞ்சோதியின் கொடிகளில் இன்னும் மோசம். வேலிக்கு மேலால் ஒரு இலையை நீட்டினார்.

"உப்புக் காத்து" என்றேன். "கடல் பக்கத்தில. காத்து உப்பைக் கொண்டுவந்து இலையில போடுது."

அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப சோழகம் எல்லோ அடிக்குது, சிஸ்டர்? தெற்கால, தரையால வாற காத்து. கடல் வடக்கில."

அது எனக்கும் தெரியும். எட்டு வருடமாக இந்தக் காற்றுக்குப் பந்தல் கட்டியவள் நான். ஆனாலும் வேறென்ன சொல்வது? இலையை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

முழங்கால் நோ. பூசைக்குப் போகவில்லை. பத்தேகாலுக்கு மதரும் மற்றவர்களும் திரும்பி வந்தபோது ஒருவர் முகமும் சரியில்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பேர் வாங்கியது. கோயிலில் பூசைக்கும் அதைத்தான் சிஸ்டர் அனற்றா போத்தலில் கொண்டுபோவார். இன்று நற்கருணை கொடுத்து முடிந்து, சுவாமி கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிக் குடித்தாராம். குடித்ததும் முகம் மாறிவிட்டதாம். துப்பவும் முடியாது, விழுங்கவும் கஷ்டம். முழுக் கோயிலும் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கினாராம்.

"தண்ணி உப்புக் கரிக்குது, சிஸ்டர்" என்றார் மதர். "நேத்து வரைக்கும் லேசா ஒரு மாதிரி இருந்துச்சு, என் நாக்குதான்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியலையா?"

"மழை இல்லாததால் இருக்கும்" என்றேன். என் பாவாடை விளிம்பு வாய்க்கால் தண்ணீரில் நனைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மே 14, புதன்

விவசாயப் போதனாசிரியர் சுகந்தினி வந்தார். மதர் கூப்பிட்டிருந்தார். கிணற்றடியில் மதர், நான், பரஞ்சோதி. சுகந்தினி உப்பு அளக்கும் ஒரு சிறிய கருவியைத் தண்ணீரில் வைத்தார். ஒன்றரைக்குள் இருந்தால் முந்திரிகைக்கு நல்லதாம். நான்கைத் தாண்டி நின்றது.

"இஞ்சை பாறைக்குள்ள மழைத்தண்ணி, உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது" என்றார். "மேலால கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா அப்பிடியே நிக்கும். அடியால உறிஞ்சினா உப்பு மேல ஏறிவரும். கிணத்துக்கு ஆறுறதுக்கு நேரம் வேணும். கிழமையில எத்தினை நாள் இறைக்கிறியள்?"

பரஞ்சோதிதான் பதில் சொன்னார். "ஆறு நாள். ஞாயிறு இறைக்கிறேல்லை. எங்கட பாட்டன் எழுதிவைச்சது."

"நல்ல மனுசன்" என்றார் சுகந்தினி. "அந்த ஒரு நாள்தான் இவ்வளவு காலமும் உந்தக் கிணத்தைக் காப்பாத்தியிருக்கு."

பரஞ்சோதி என்னைப் பார்க்கவில்லை. மதரும் பார்க்கவில்லை.

இனி மோட்டரைத் தொடக்கூடாதாம். மாரி வரும்வரை பொறுக்கவேண்டுமாம். ஒரு மாரியும் போதாமல் இருக்கலாம், இரண்டு மூன்று ஆகலாம் என்றார். "இப்ப கொடியில குலை தொங்குதே, அதுக்கு என்ன செய்ய?" என்று கேட்டேன். உப்பை ஊற்றினாலும் கருகும், ஊற்றாவிட்டாலும் கருகும் என்று அவர் சொல்லவில்லை. கையைத்தான் விரித்தார்.

மே 15, வியாழன்

குடிதண்ணீருக்குச் சந்திக்குப் பவுசர் லொறி வருகிறது. மடத்துக்கு வான் வண்டியில் எடுத்துவருகிறார்கள். புவனம் இரண்டு தண்ணீர்க் கானைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனதைக் கண்டேன். ஏற முடியாது, பாரம். உருட்டத்தான் முடியும்.

மே 18, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. யாரும் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை.

மே 24, சனி

பரஞ்சோதி தன் கொடிகளைப் பிடுங்குகிறார். இளங்கொடி, வேர் செம்மண்ணோடு நிற்கிறது, பாறைக்குள் இன்னும் இறங்கவில்லை. அதுதான் முதலில் போனது. என்னுடையவை எட்டு வயது. இலை பாதி கருகினாலும் உயிர் இருக்கிறது. தப்பு செய்தவளின் கொடி நிற்கிறது.

பந்தலுக்குள் நின்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்து, நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்து, பச்சை இல்லையென்றால் பிடுங்கினார். முப்பத்தொன்பது. ஒன்றை விட்டுவிட்டு அதன் அடியில் ஒரு செம்பு பவுசர் தண்ணீர் ஊற்றினார். காய்ந்த குலைகளைக் கடகத்தில் போட்டார். பிள்ளையாருக்கும் இல்லை, மாதாவுக்கும் இல்லை.

வேலிக்குப் போகலாம் என்று நாலடி எடுத்துவைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மே 31, சனி

மதர் கையெழுத்து வைத்தார். கொப்பியை மூடித் தந்தார்.

யூன் 4, புதன்

பறித்தோம். போன வருடத்தில் மூன்றிலொரு பங்கு. பழம் சின்னதாய், தோல் தடிப்பாய். ஒன்றை வாயில் போட்டேன். முதலில் நல்ல இனிப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் உப்பு நின்றது. எனக்குத்தான் அப்படி இருக்கிறதா என்று சிஸ்டர் அனற்றாவுக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் மென்றுவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிடலாம்" என்றார்.

பன்னிரண்டு கோயிலில் இரண்டுக்குக் காணும். அதுவும் ரசமாகத் தேறினால்.

யூன் 8, ஞாயிறு

இந்தப் பக்கத்தை மதர் வாசிக்கட்டும்.

எனக்கு முழங்காலில் ஒரு நோவும் இருந்ததில்லை. மார்ச் ஒன்பதிலிருந்து மே பதினொன்றுவரை, உயிர்ப்பு ஞாயிறு தவிர, ஒன்பது ஞாயிற்றுக்கிழமை இறைத்தேன். குருத்தோலை ஞாயிறும் விடவில்லை. கோயில் மணி கேட்டதும் மோட்டரைப் போடுவேன், எல்லோரும் வருவதற்கு முன் நிறுத்துவேன். முதல் நாள் பயந்தேன். இரண்டாம் நாள் இது பூசைக்குத்தானே என்று எனக்கே சொன்னேன். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. என் வெட்கம் இதுதான்: கொடி வாடியதால் அல்ல, பழம் பெரிதாக வரவேண்டும் என்றுதான் இறைத்தேன். மெற்றில்டாவின் ரசம் என்று குருமார் சொல்லக் கேட்க ஆசை.

பூசை முடிந்து நேரே பரஞ்சோதி வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். எழும்பினார். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"பரஞ்சோதியர், ஞாயிற்றுக்கிழமையளில நான் இறைச்சனான்."

"தெரியும், சிஸ்டர்."

"தெரியுமோ?"

"புவனம் கண்டவ. முதல் கிழமையே சொன்னவ. திங்கட்கிழமை வாய்க்காலும் ஈரமாத்தானே கிடந்தது."

எனக்குக் கோபம் வந்தது. அவரில்தான் கோபம் வந்தது, அதையும் எழுதிவைக்கிறேன். "அப்ப ஏன் கேக்கேல்லை? ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நிப்பாட்டியிருப்பனே!"

"கேக்க வந்தனான். அண்டைக்கு வேலியில, வேற ஒண்டும் இருக்காதோ எண்டு கேட்டன்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுக்கு மேல எப்பிடிக் கேக்கிறது? நீங்கள்தானே தடி தந்தனீங்கள்."

நான் கொடுத்த நாற்பது தடி. அதற்கு நன்றியாக அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அந்தச் சொல் வரவில்லை.

புவனம் உள்ளே போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். "வெயிலுக்குள்ள வந்தனீங்கள். குடியுங்கோ." பின்னால் கதவோரம் இரண்டு கானும் நின்றன. ஒன்று ஏற்கனவே பாதிக்குக் கீழே. வேண்டாம் என்றேன். "வீட்டுக்கு வந்த ஆள் தண்ணி குடியாமல் போறதோ?" என்று நீட்டிக்கொண்டே நின்றார்.

குடித்தேன். நல்ல தண்ணீர். கிளாஸ் முடியும்வரை அவர் போகவில்லை.

யூன் 30, திங்கள்

மதர் வாசித்தார். கையெழுத்து வைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுக்கு நான் என்ன கையெழுத்து வைக்க, சிஸ்டர்?" என்றார். குருமாருக்கு அவர்தான் கடிதம் எழுதினார். பத்துக் கோயிலுக்கும் கடைப் போத்தல்.

டிசம்பர் 14, ஞாயிறு

மாரி நன்றாகப் பெய்தது. ஏழு மாதமாக யாரும் கிணற்றைத் தொடவில்லை. பூசை முடிந்து வந்தபோது பரஞ்சோதி கிணற்றடியில் நின்றார். தண்ணீர் முதலாம் கல்லுக்கு மேலே வந்திருந்தது. பார்த்தால் பழைய கிணறுதான்.

நான்தான் வாளியை விட்டேன். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன்.

"எப்பிடி, சிஸ்டர்?"

"உப்பு" என்றேன்.

அவர் தலையாட்டினார். தானும் ஒரு வாய் எடுத்துத் துப்பினார். பிறகு இருவரும் கிணற்றுக் கட்டில் கை வைத்துக்கொண்டு நின்றோம். அவருடைய அந்த ஒற்றைக் கொடி மழையில் இரண்டு இலை விட்டிருந்தது.

"மாசியில வெட்டேக்க நாப்பது தடி எடுத்து வையுங்கோ" என்றார்.

"எந்தத் தண்ணிய விடப்போறியள், பரஞ்சோதியர்?"

அவர் குனிந்து, கிணற்றின் தகர மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். மூடிவிட்டு வந்தோம்.